ஏரிக்கு உபயதாரர் இல்லை

செவ்வல்லி ஏரியின் நீர்வரத்துப் பகுதியைக் கண்காணிக்கும் செலவை உள்ளாட்சிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்காக ஒரு மன்றம் இருந்தது. ஏரி நகரத்துக்கு வெளியே வெகு தொலைவில் இருந்தது. மன்றம் மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. ஏரிக்கரையில் அலுவலகம் போட்டால் ஏரி யாருடைய எல்லையில் இருக்கிறது என்ற கேள்வி வரும், கேள்வியோடு செலவும் வரும் என்று பயந்து, யாருக்கும் வம்பில்லாத இடமாகப் பார்த்து மயிலாப்பூரைத் தேர்ந்தெடுத்தார்கள். காபி நன்றாக இருக்கும் என்பதும் தீர்மானத்தில் ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

மன்றத்தில் ஐந்து உறுப்பினர்கள். ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியில் இருக்கிற அல்லிமேடு பேரூராட்சியும் முள்வாய் ஊராட்சியும் வரத்துத் தரப்பு. அந்தத் தண்ணீரைக் குழாயில் வாங்குகிற மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டார மன்றங்கள் குடிக்கும் தரப்பு. குடிக்கிறவர்கள் செலவு செய்யட்டும் என்றது வரத்துத் தரப்பு. அழுக்காக்குகிறவர்கள் செலவு செய்யட்டும் என்றது குடிக்கும் தரப்பு. இந்த இரண்டு வாக்கியங்களை மாற்றி மாற்றிச் சொல்லியே மன்றம் பல வருடங்களைச் சண்டை சச்சரவில்லாமல் ஓட்டிவிட்டது.

இங்கேதான் ஷண்முகப்ரியா கண்காணிப்பு அலுவலராக, ஒப்பந்தத்தில், வந்து சேர்ந்தாள். பெருங்குடியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இதைவிட நல்ல சம்பளத்தில் இருந்தவள். விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம் அவளுடைய பெண் ஸஹானா. கே.கே. நகரில் அவர்கள் தெருவுக்கு வருவதும் செவ்வல்லித் தண்ணீர்தான். கோடையில் அது சாக்கடை நாற்றம் அடித்தது. தெருப் பிள்ளைகளுக்கு வரிசையாக மஞ்சள் காமாலை வந்தது, ஸஹானாவுக்கும் வந்தது. குழந்தை தேறி எழுந்துவிட்டாள். ஆனால் ஒட்டிப்போன அந்தக் கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது. ஏரிக்கு வரும் கால்வாயில் யாரோ கழிவுநீர் லாரியைத் திறந்துவிடுகிறார்கள். எந்த இடத்தில், எந்த வேளையில் என்று தெரிந்தால் பிடித்துவிடலாம். அதுவும் மழைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். மழை இறங்கிவிட்டால் கால்வாயில் கிடப்பதெல்லாம் ஏரிக்குள் போய்விடும்.

பிடிப்பதற்குக் கருவியும் இருந்தது. மன்றத்துக் கோப்புகளில் அதன் பெயர் பன்முக நீர்த்தர உணர்மிதவை. பார்ப்பதற்கு மூடி போட்ட மஞ்சள் அண்டா மாதிரி இருக்கும். தண்ணீரில் மிதக்க விட்டால் அதில் கலந்திருக்கிற அம்மோனியா முதல் ஆக்ஸிஜன் வரை அளந்து, தானாகவே எல்லோருடைய கைபேசிக்கும் "செவ்வல்லி ஏரி: இன்றைய நிலை" என்று செய்தி அனுப்பும். கீழே மன்றத்தின் முத்திரையும் கண்காணிப்பு அலுவலரின் பெயரும் வரும். ஏதோ ஒரு நிதியில் இலவசமாகக் கிடைத்ததால் உடனே வாங்கிவிட்டார்கள். ஏரியில் இறக்கிக் காவல் போடச் செலவாகும் என்பதால் மன்றத்துக் கூடத்தில் நிற்க வைத்துவிட்டார்கள். காபி குடிக்க வருகிறவர்கள் அதன் மேல்தான் குடையை மாட்டுவார்கள்.

"சார், இதை ஏரியில விடணும்" என்றாள் ஷண்முகப்ரியா, வேலைக்குச் சேர்ந்த அன்றே.

செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் புன்னகை செய்தார். ஓய்வு பெற்றவர், எதற்கும் பதறாதவர். பல வருடங்களாக ஓர் உற்சவக் கமிட்டியை நடத்திப் பழக்கப்பட்டவர். "விடுவோம் குழந்தே. எல்லாம் ஆயிண்டேதான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னபடியே, அடுத்த கூட்டத்தில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"இத்தனை வருஷமா நாம தப்பா கேட்டுண்டிருக்கோம்" என்று ஆரம்பித்தார். "செலவைப் பகிர்ந்துக்கோங்கோன்னா எவன் வருவான்? எங்க உற்சவத்துல அப்படியா கேக்கறோம்? இன்னிக்கு மண்டகப்படி உன்னோடது, நீதான் உபயதாரர்ங்கறோம். அன்னிக்குச் செலவு பூரா அவன் தலையில. ஆனா ஸ்வாமி அவன் வாசல்ல நிப்பார். அவனுக்கு மாலை, பரிவட்டம், முதல் மரியாதை. கடன் வாங்கியாவது ஜாம் ஜாம்னு பண்ணிடறான். மிதவைக்கும் அதையே பண்ணிட்டா என்ன?"

உறுப்பினர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். பிறகு அல்லிமேடு பேரூராட்சித் தலைவர் அறிவு எழுந்தார். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாத மனிதர்.

"ஐயா சொல்றதுதான் சரி" என்றார் அவர். "செலவுன்னா எங்களால முடியாது. அது மக்கள் பணம். மரியாதைன்னா நாங்க யாருக்கும் சளைச்சவங்க இல்ல. அதுவும் மக்கள் பணம்தான்."

ஐந்து உள்ளாட்சிகளும் அந்த இடத்திலேயே ஆளுக்கொரு மண்டகப்படி எடுத்துக்கொண்டன. பல வருடச் சிக்கல் ஒரு காபி ஆறுவதற்குள் தீர்ந்தது. ஷண்முகப்ரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மிதவை நகரப்போகிறது என்று சந்தோஷப்பட்டாள். நகர்ந்தால் ஏரிக்குத்தானே போகும் என்று நினைத்தாள், பாவம்.

முதல் மண்டகப்படி மயிலாப்பூருக்கு. மிதவைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகை மாலை சாற்றி, இனாயத் என்பவருடைய 'சின்ன யானை' குட்டி லாரியில் ஏற்றினார்கள். நாயனமும் தவிலும் முன்னால் போயின. கூட்டத்தில் ஓர் அம்மாள் வண்டியை நிறுத்தி, "எந்த ஊர் அம்மன்ப்பா?" என்று கேட்டாள்.

"அம்மன்லாம் இல்லம்மா, மிஷினு" என்றார் இனாயத். "தண்ணி நல்லா கீதான்னு பாக்கும்."

"அதைத்தானே அம்மனும் பாக்கறா" என்று அந்த அம்மாள் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனாள். பரிசோதனைக் கூடத்தில் கற்றுக்கொண்ட எதுவும் ஷண்முகப்ரியாவுக்கு அப்போது உதவவில்லை. அவளும் கும்பிட்டாள்.

ஊர்வலம் போய்ச் சேர்ந்த மண்டபத்து வாசலில் பெரிய பித்தளை அண்டா வைத்திருந்தார்கள். மிதவை மிதந்தால்தான் மண்டகப்படி நிறைவு பெறும் என்று செயலாளர் விதி செய்திருந்தார். அண்டாவில் வடிகட்டிய தண்ணீர், மேலே துளசி. மிதவையை அதில் இறக்கியதும் எல்லோருடைய கைபேசியும் ஒரே சமயத்தில் சிணுங்கியது. "செவ்வல்லி ஏரி: இன்றைய நிலை: மிக நன்று. ஷண்முகப்ரியா, கண்காணிப்பு அலுவலர்." கைதட்டல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

அவள் செயலாளரிடம் ஓடினாள். "சார், இது அண்டாத் தண்ணி. ஏரித் தண்ணின்னு செய்தி போயிடுச்சு."

"மிதவை பொய் சொல்றதா?"

"இல்ல சார்."

"அளவு தப்பா?"

"அளவு சரிதான்..."

"அப்புறம் என்ன? வா, பிரசாதம் வாங்கிக்கோ. புளியோதரை ஆறிடப் போறது."

அடையாறு மண்டகப்படியில் அண்டாவெல்லாம் பழைய பாணி என்று சொல்லி, குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றடைத்த நீலத் தொட்டி ஒன்றை வரவழைத்தார்கள். கேன் தண்ணீரைக் குடம் குடமாகக் கவிழ்த்தார்கள். ஏரி அன்று மயிலாப்பூரில் இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது.

தி.நகர் விடவில்லை. அதன் மன்றத் தலைவர் பத்ரிநாராயணன் ஆடிட்டர். எதையும் கணக்காகச் செய்கிறவர். கல்யாண மண்டபம் பிடித்து, மிதவைக்கு அரக்குச் சரிகைப் பட்டுச் சுற்றி, தொட்டியில் பன்னீரும் ரோஜா இதழும் நிரப்பினார். பட்டு நனையக் கூடாதே என்று இரண்டு பேர் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மோனியா அறவே இல்லை என்று செய்தி போனது.

"குடிக்கும் தரப்பின் சார்பாக ஒன்றை உறுதியாகச் சொல்வேன்" என்று பத்ரிநாராயணன் ஒலிபெருக்கியில் பேசினார். "ஏரி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியத்தை இந்த மன்றம் வைக்கவில்லை. நல்ல நிர்வாகம் என்றால் இதுதான்."

வண்டியில் திரும்பும்போது இனாயத் கேட்டார். "இன்னா மேடம் இது? ஏரி ஏரின்னு சொல்லிக்கினே கீறீங்க, ஒரு நாளு கூட அந்தப் பக்கம் வண்டிய வுடச் சொல்லலியே?"

அதே கேள்வியை அவள் மறுநாள் செயலாளரிடம் கேட்டாள். அவர் மண்டகப்படி அட்டவணையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"குழந்தே, எல்லா நாளுக்கும் உபயதாரர் இருக்கா. ஏரிக்குத்தான் இல்லை. ஏரி நம்ம மன்றத்துல உறுப்பினரே இல்லையே. அது யார் பேர்ல மரியாதை வாங்கிக்கும்?"

"நான் என் சம்பளத்துல அந்த உபயத்தை எடுத்துக்கறேன் சார்."

"தனிநபர்லாம் எடுத்துக்கப்படாது. உள்ளாட்சிகள் மனசு புண்படும்."

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது தெருமுனையில், ஏரிக் குழாயோடு இணைத்த அடிபம்பில், பக்கத்து வீட்டு வசந்தி தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நொச்சிக்குப்பத்தில் பிறந்து கே.கே. நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மீன் விற்ற வீட்டுக் குரல், தெருவுக்கே கேட்கும்.

"வா ஷண்மு! டெய்லி உன் பேரு போன்ல வருது. நம்ம தெருப் பொண்ணே சொல்லுது, தண்ணி சூப்பரா கீதுன்னு. வூட்ல எல்லாரும் காய்ச்சறதையே வுட்டாச்சு. கேஸு எவ்ளோ மிச்சம் தெரியுமா?"

ஷண்முகப்ரியா பம்பின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, காய்ச்சுங்கக்கா. தயவுசெஞ்சு காய்ச்சுங்க" என்றாள்.

"இன்னாடி, போன்ல ஒண்ணு சொல்ற, வாயால ஒண்ணு சொல்ற?" என்று வசந்தி சிரித்தாள். "நாங்க எதை நம்பறது? போன்ல கவர்மெண்ட்டு முத்திரை கீது. உன் வாயில இன்னா கீது?"

தெருவில் இன்னொரு பிள்ளை படுத்தால் அது தன் பெயரால் படுத்ததாகத்தான் ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது.

வரத்துத் தரப்பின் மண்டகப்படி வந்தது. அல்லிமேடா முள்வாயா, யாருக்கு முதல் மரியாதை என்று தகராறு. அறிவு தன் ஊர்தான் மேட்டில் இருக்கிறது, தண்ணீர் முதலில் தன்னிடமிருந்துதான் புறப்படுகிறது என்றார். முள்வாய் ஊராட்சித் தலைவர் அஜித்குமார், இளைஞர், தண்ணீர் கடைசியாகத் தொடுவது தன் மண்ணைத்தான் என்றார். செலவைப் பற்றிப் பேசிய காலத்தில் இதே இரண்டு பேரும் தங்கள் ஊரில் பெய்கிற மழை ஏரிப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை என்று சாதித்தவர்கள். கடைசியில் மிதவையை இரண்டு ஊருக்கும் நடுவே எல்லைக் கல்லில் நிறுத்துவது என்றும், இரண்டு மாலையும் ஒரே நொடியில் விழ வேண்டும் என்றும் உடன்படிக்கை ஆனது.

அன்று காலை மிதவையோடு வண்டி புறப்பட்டது. எல்லைக் கல்லுக்குப் போகிற சாலையில் ஒரு பிரிவு வந்தது. இடப்பக்கம் பந்தல், கொடி, வாழைமரம். வலப்பக்கம் மண் பாதை. இனாயத் வண்டியை நிறுத்தினார்.

"ரைட்ல போனா ஏரி, மேடம்."

ஷண்முகப்ரியா ஒரு கணம் யோசித்தாள். ஒப்பந்த வேலை. போனால் போகட்டும் என்று நினைத்தாள். "ரைட்ல விடுங்க பாய்" என்றாள்.

கால்வாய் ஏரியில் சேருகிற இடத்தில் இரண்டு பேரும் முழங்கால் ஆழத்தில் இறங்கி, மாலையைக் கழற்றிவிட்டு, மிதவையைத் தண்ணீரில் விட்டார்கள். வாங்கிய நாளிலிருந்து அது ஏரியைப் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரம் ஆடியது, பிறகு, அங்கே சிக்னல் இல்லாததால், பக்கத்தில் நின்ற அவள் கைபேசி மட்டும் சிணுங்கியது. அம்மோனியா, அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் நான்கு மடங்கு. கூடவே நாற்றமும் வந்தது. திரும்பிப் பார்த்தால் கரையில் ஒரு கழிவுநீர் லாரி பின்பக்கமாக வந்து குழாயைத் திறந்துகொண்டிருந்தது. லாரியின் பக்கவாட்டில் "உணர்மிதவையே வருக! வருக!" என்று பதாகை. பதாகைப் படத்தில் கை கூப்பியபடி அறிவு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பகல்ல வரமாட்டோம்மா" என்று லாரி ஓட்டுநர் தானாகவே விளக்கம் சொன்னார். "இன்னிக்கு ஏதோ மிதவை ஊர்வலமாம். போலீஸ்லாம் அங்க நிக்குது. அதான் நிம்மதியா வந்தேன்."

அவள் படம் எடுத்தாள். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள். இனாயத்தோடு சேர்ந்து மிதவையைத் திரும்ப வண்டியில் ஏற்றினாள். ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் மன்றத்தில் அவசரக் கூட்டம். எல்லைக் கல்லில் மாலையோடு வெயிலில் காத்திருந்த வரத்துத் தரப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஷண்முகப்ரியா படத்தைக் காட்டினாள். அறிவு அதை நெருங்கிப் பார்த்தார்.

"போட்டோல நான் நல்லா இருக்கேன்" என்றார். "லாரி எங்க ஊருதுதான். மறைக்கல. ஆனா ஊத்துன இடம் முள்வாய் எல்லை."

"கால்வாய் எங்களுது, ஒத்துக்கறேன்" என்றார் அஜித்குமார். "ஆனா எங்க கால்வாய்ல எதுவும் தங்கறதே இல்லீங்க. எல்லாம் ஏரிக்குப் போயிடுது. ஏரி பொது."

"பொதுன்னா ஐந்து பேருக்கும் பொது" என்று ஆடிட்டர் பத்ரிநாராயணன் குறுக்கே வந்தார். முகத்தில் ஒரு பிரகாசம். "இந்த மன்றத்தின் அடிப்படையே பகிர்தல். செலவைப் பகிர்கிறோம், மரியாதையைப் பகிர்கிறோம். அம்மோனியாவை மட்டும் ஏன் ஒருத்தர் தலையில் கட்ட வேண்டும்? அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் நான்கு மடங்கு. உறுப்பினர்கள் ஐந்து பேர். சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொருவர் பங்கும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வந்துவிடுகிறது. ஆக, எந்த உள்ளாட்சியின் தண்ணீரும் கெட்டுப்போகவில்லை!"

மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். இத்தனை வருடத்தில் குடிக்கும் தரப்பும் வரத்துத் தரப்பும் கட்டித் தழுவிக்கொண்டது அன்றுதான். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிண்டிருக்கேன். மனசிருந்தா எல்லாத்தையும் பகிர்ந்துக்கலாம்" என்றார். தண்ணீர் நன்று என்று ஏகமனதாகத் தீர்மானம் எழுதினார்கள்.

ஷண்முகப்ரியா எழுந்தாள். ஊர்வலத்துக்காக வாங்கிய வெள்ளி வட்டில் மேஜை மேல் இருந்தது. பாட்டிலைத் திறந்து அதில் ஊற்றினாள். தீர்த்தம் கொடுக்கிற உத்தரணிக் கரண்டியை எடுத்தாள்.

"மண்டகப்படி நிறைஞ்சா தீர்த்தம் குடுக்கணும் இல்லையா சார்?" என்றாள். "எல்லாரும் எடுத்துக்கோங்க. அவங்கவங்க பங்கு."

மறுக்க முடியாது. தீர்த்தம் என்று நீட்டினால் கை தானாகக் குவிந்துவிடும் ஊர் இது. முதலில் அறிவு வலது கையை நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார், தலையில் தெளித்துக்கொண்டார். அஜித்குமாரும் அப்படியே. பத்ரிநாராயணன் மிகுந்த பக்தியோடு உச்சந்தலையில் தடவிக்கொண்டார். அடையாறும் மயிலாப்பூரும் கொஞ்சம் கழுத்திலும் தடவிக்கொண்டன. கடைசியாகச் செயலாளர். ஒருவர் உதட்டிலும் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. கூடம் முழுக்கச் சாக்கடை நாற்றம்.

"குடிக்கலையா சார்?"

"தலையில தெளிச்சுண்டாலும் அதே பலன்தான், குழந்தே."

"என் பொண்ணு அதைக் குடிச்சா சார்" என்றாள் அவள். "என் தெருப் பசங்க குடிச்சாங்க. அவங்களுக்கு யாரும் தலையில தெளிச்சுக்கச் சொல்லிக் குடுக்கல."

எல்லோரும் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம் ஐவரும் பெற்றுக்கொண்டதாகச் செயலாளர் நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்தார்.

அவள் மாடிப்படியில் நின்று, இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்காமல், மிதவைச் செய்தி போகும் அதே வழியில், தன் கைபேசியிலிருந்து, மன்றத்தின் முத்திரையோடு, தன் பெயரில், எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினாள்: "இதுவரை வந்த அளவுகள் ஏரியின் அளவுகள் அல்ல. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்."

அவளை வேலையிலிருந்து நீக்குவது என்று அடுத்த கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது. ஒப்பந்தப்படி நீக்குவதற்கு முன் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதை யார் கொடுப்பது? அலுவலரால் அவமானப்பட்டது வரத்துத் தரப்பு, அவர்களே நீக்கட்டும் என்றது குடிக்கும் தரப்பு. அலுவலர் குடியிருப்பது குடிக்கும் தரப்பில், அவர்களே நீக்கட்டும் என்றது வரத்துத் தரப்பு. நீக்கத்துக்கு மண்டகப்படி வைத்துப் பார்த்தார்கள். அதில் யாருக்கு என்ன மரியாதை என்று தெரியாததால் உபயதாரர் கிடைக்கவில்லை. விஷயம் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. ஷண்முகப்ரியா தினமும் அலுவலகம் போகிறாள். தினமும் காலையில் அதே செய்தியை அனுப்புகிறாள். அதை நிறுத்தும் அதிகாரத்தையும் ஐந்து பேரும் சேர்ந்துதான் பயன்படுத்த முடியும்; அதில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்றும் முடிவாகவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. கால்வாயில் கிடந்ததெல்லாம் ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது. ஏரி நிரம்பி வழிவதைப் பார்க்க ஐந்து தலைவர்களும் போய்ப் பூத்தூவி, படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கே.கே. நகரில் வீட்டுக்கு வீடு தண்ணீர் கொதிக்கிறது. வசந்தி நித்தமும் மன்றத்தையும் ஷண்முகப்ரியாவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே காய்ச்சுகிறாள், ஆனால் காய்ச்சுகிறாள். அந்தத் தெருவில் இந்த மழைக்குப் பிள்ளைகள் யாரும் படுக்கவில்லை. கொதிக்க வைக்கிற கேஸ் செலவைப் பகிர்ந்துகொள்ள மட்டும் இதுவரை எந்த உள்ளாட்சியும் முன்வரவில்லை.